அந்தச் சின்ன ‘ஆஃப்’ எங்கே போனது?

வாசகர் கேள்விகள் – ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியையின் பதில்கள்

போன இதழில், ‘ஐ நோ’ என்று தொடங்கிவிட்டால் அதற்குப் பின்னால் வரும் கேள்வி கேள்வியாகவே நிற்கக்கூடாது என்று எழுதியிருந்தேன். ‘வேர் இஸ் ஹி?’ என்பது கேள்வி. அதையே ‘ஐ நோ’வுக்குப் பின்னால் வைத்தால் ‘ஐ நோ வேர் ஹி இஸ்’ என்று ஆகிவிடும்; ‘இஸ்’ஸும் ‘ஹி’யும் இடம் மாறிக்கொள்ளும். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கின்றன. ‘தெரியும்’ என்ற பொருளுள்ள வினைக்குப் பின்னால் செயப்பாட்டுவினை வந்து, அதன் வாலில் ‘ஆஃப்’, ‘பை’, ‘ஃபார்’ என்று ஒரு சின்னச் சொல்லும் இருந்தால் என்ன செய்வது? சரி, இந்த மாதம் முழுக்க அதற்கே. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் மேய்ந்துவிட்டுப் போகாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இந்தத் தவறு காதுக்குத்தான் முதலில் பிடிபடும்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயிலில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். போன வாரம் ஒரு வெளிநாட்டு அம்மா விமானத்தைக் காட்டி, ‘டூ யூ நோ வாட் இட் இஸ் மேட் ஆஃப்?’ என்று கேட்டார். நான், ‘எஸ், ஐ நோ வாட் இஸ் இட் மேட்’ என்றேன். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர் ஒருவர் தப்பு என்றார். எது தப்பு, ஏன் தப்பு என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.
– வழிகாட்டி, தஞ்சாவூர்

பதில்: தம்பி, அந்த அம்மாவுக்கு நீங்கள் சொன்னது புரிந்திருக்கும். அதனால் மனம் சுருங்க வேண்டாம். தவறு இரண்டு. ‘இஸ் இட்’ என்று கேள்வி வரிசையிலேயே விட்டது ஒன்று. அது போன இதழில் பார்த்ததுதான். இரண்டாவது, கடைசியில் இருந்திருக்க வேண்டிய ‘ஆஃப்’ காணாமல் போனது. அந்த அம்மா தன் கேள்வியிலேயே அதை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார். நீங்கள் வாங்கி எங்கோ நழுவ விட்டுவிட்டீர்கள்.

அது ஏன் நழுவுகிறது என்பதுதான் முக்கியம். தமிழில் என்ன சொல்வோம்? ‘எதனால் செய்தது என்று தெரியும்.’ ‘எது’ என்ற கேள்விச் சொல்லோடு ‘ஆல்’ ஒட்டிக்கொண்டே வருகிறது. எதில், யாருக்கு, யாரோடு, எதற்காக என எல்லாவற்றிலும் வேற்றுமை உருபு கேள்விச் சொல்லின் முதுகில் ஏறி முன்னாலேயே வந்துவிடும். வினைச்சொல்லுக்கு வரும்போது சொல்ல மிச்சம் எதுவும் இருக்காது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ‘வாட்’ மட்டும் தனியாக முன்னால் ஓடிவிடும். ‘ஆஃப்’ வினையின் பக்கத்திலேயே நின்றுவிடும். தமிழில் நினைக்கிற மனசுக்கு, ‘வாட்’ என்று சொன்னதுமே ‘ஆல்’ வேலையும் முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. முப்பத்தொரு வருடம் நோட்டுத் திருத்தியதில் நான் கண்டது இது. கவனக்குறைவு என்று சிவப்பு மையில் எழுதுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் கவனமாகத்தான் இருந்தார்கள். தங்கள் தாய்மொழியின் கணக்கை அப்படியே போட்டார்கள், அவ்வளவுதான்.

வகுப்பில் நான் செய்தது இது. ‘இட் இஸ் மேட் ஆஃப் கிரானைட்’ என்ற வாக்கியத்தை ஐந்து காகிதத்தில் ஐந்து சொல்லாக எழுதி ஐந்து பிள்ளைகள் கையில் கொடுத்து வரிசையாக நிற்க வைப்பேன். பிறகு ‘கிரானைட்’ பிள்ளையை உட்காரச் சொல்வேன். அந்த இடத்துக்கு ‘வாட்’ என்று எழுதிய பிள்ளை வரும். வந்து நின்றதும், ‘இப்போ நீ மட்டும் முன்னால போ’ என்பேன். ‘வாட்’ வரிசையின் தலைக்குப் போய்விடும். ‘ஆஃப்’ வைத்திருக்கும் பிள்ளை தவித்துக்கொண்டு, ‘நான் எங்க போறது டீச்சர்?’ என்று கேட்கும். ஒவ்வொரு வருடமும் கேட்கும். ‘நீ எங்கேயும் போகாதே, அங்கேயே நில்லு’ என்பேன். வரிசையை இந்தக் கோடியிலிருந்து படித்தால் ‘வாட் இட் இஸ் மேட் ஆஃப்’. முன்னால் ‘ஐ நோ’வை நிறுத்தினால் வேலை முடிந்தது. அந்த ‘ஆஃப்’ பிள்ளை வாழ்நாளில் அதை மறக்காது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் பதிலை முழு வாக்கியமாக மனதுக்குள் சொல்லுங்கள். பதிலாக இருக்கும் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டுக் கேள்விச் சொல்லைப் போடுங்கள். அதை மட்டும் முன்னால் கொண்டுபோங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். கேள்விச் சொல்லே எழுவாயாக இருந்தால் இந்த வேலைகூட வேண்டாம். ‘ஐ நோ வாட் வாஸ் ஃபவுண்ட் ஹியர்’ என்பதில் எதுவும் நகரவில்லை, பாருங்கள்.

நீங்கள் நிற்கிற இடமே இதற்கு நல்ல பயிற்சிக்களம். ஒரு சிக்கலையும் அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். தமிழில் ‘ராஜராஜனால் கட்டப்பட்டது’ என்கிறோம். ‘கருங்கல்லால் கட்டப்பட்டது’ என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே ‘ஆல்’. நன்னூலும் கருவி, கருத்தா இரண்டையும் மூன்றாம் வேற்றுமையின் பொருளாகத்தான் சொல்கிறது. ஆங்கிலம் இதைப் பங்கு போட்டுவிட்டது. செய்தவருக்கு ‘பை’, எந்தப் பொருளால் ஆனதோ அதற்கு ‘ஆஃப்’, கையில் பிடித்த கருவிக்கு ‘வித்’. ‘பில்ட் பை கிரானைட்’ என்று நம்மவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆங்கிலக் காதுக்கு அது, கருங்கல் என்ற கொத்தனார் வந்து கட்டிவிட்டுப் போனதாகக் கேட்கும்.

இப்போது இவற்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘ஐ நோ ஹூ இட் வாஸ் பில்ட் பை.’ முதலாம் ராஜராஜன். ‘ஐ நோ வாட் இட் இஸ் பில்ட் ஆஃப்.’ கருங்கல். ‘ஐ நோ ஹூ இட் இஸ் டெடிகேட்டட் டு.’ சிவபெருமான். ‘ஐ நோ வாட் த வால்ஸ் ஆர் கவர்ட் வித்.’ கல்வெட்டுகள். ‘ஐ நோ வென் இட் வாஸ் கம்ப்ளீட்டட்.’ 1010. இந்தக் கடைசி வாக்கியத்தில் வாலில் எதுவும் இல்லை, ஏனென்றால் ‘வென்’ தன்னந்தனியாகவே காலத்தைச் சொல்லிவிடும். அதையே ‘விச் இயர்’ என்று மாற்றினால் ‘இன்’ வந்து ஒட்டிக்கொள்ளும்: ‘ஐ நோ விச் இயர் இட் வாஸ் கம்ப்ளீட்டட் இன்.’

இன்னொன்றும் சொல்ல ஆசை. அந்தக் கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தன் கோயிலை எப்படிக் குறிப்பிடுகிறான் தெரியுமா? ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி.’ ‘நம்மால் எடுக்கப்பட்ட’ என்று அவன் சொல்லவில்லை. ‘எடுப்பித்த’, அதாவது பிறரைக் கொண்டு எடுக்கச் செய்த என்ற பிறவினை. ‘பை ராஜராஜா’ என்று ஆங்கிலம் ஒரு செயப்பாட்டுவினையில் சொல்வதைத் தமிழ் ஒரு பிறவினையில் சொல்லிவிட்டது. அதிலேயே அரசன் ஏவினான், மற்றவர்கள் கட்டினார்கள் என்ற உண்மையும் ஒளிந்திருக்கிறது. அந்த மற்றவர்களில் பெருந்தச்சன் பெயரையும் கல்வெட்டு காப்பாற்றி வைத்திருக்கிறது: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். இன்றும் தெருவில் யாரும் ‘இது யாரால் கட்டப்பட்டது?’ என்று கேட்பதில்லை. ‘இதை யார் கட்டினது?’ என்றுதான் கேட்கிறோம். அதனால் ‘படு’ போட்ட பாடப்புத்தகத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக்கொண்டு போகாதீர்கள். ஆங்கிலப் பதிலிலிருந்தே தொடங்குங்கள்.

‘மேட் ஆஃப்’, ‘மேட் ஃப்ரம்’ என்ன வித்தியாசம் என்றும் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பொருள் தன் உருவம் தெரிய இருந்தால் ‘ஆஃப்’; மாறிப்போயிருந்தால் ‘ஃப்ரம்’. நாற்காலி மரத்தால் ஆனது, ‘ஆஃப்’. வெல்லம் கரும்பிலிருந்து வந்தது, ‘ஃப்ரம்’.

கேள்வி: மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குப் படிக்கிறேன். ‘த பேஷன்ட் வாஸ் ஆபரேட்டட்’ என்று எழுதினால் பயிற்சி ஆசிரியர் சுழிக்கிறார். இங்கே எல்லா டாக்டர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
– செவிலியர், நாகர்கோவில்

பதில்: இங்கே எல்லோரும் சொல்வது உண்மைதான். ஆனாலும் உங்கள் பயிற்சி ஆசிரியர் பக்கம்தான் நியாயம். இயந்திரத்தைத்தான் நேரடியாக ‘ஆபரேட்’ செய்வார்கள். நோயாளியை ‘ஆபரேட் ஆன்’ செய்வார்கள். செயப்பாட்டுவினைக்குப் போனாலும் அந்த ‘ஆன்’ கூடவே போகும்: ‘த பேஷன்ட் வாஸ் ஆபரேட்டட் ஆன்.’ அது இல்லாவிட்டால் நோயாளியை யாரோ விசையைத் தட்டி இயக்கியது போல ஆகிவிடுகிறது.

உங்கள் வேலையில் இந்தச் சின்னச் சொற்களை நான் மற்ற எவருக்கும் சொல்வதைவிட அழுத்திச் சொல்வேன். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த செவிலியர் கேட்கிறார்: ‘டூ யூ நோ வாட் ஷி இஸ் பீயிங் ட்ரீட்டட் ஃபார்?’ இது நோயைக் கேட்கும் கேள்வி. ‘டூ யூ நோ வாட் ஷி இஸ் பீயிங் ட்ரீட்டட் வித்?’ என்றால் மருந்தைக் கேட்கிறார். நிமோனியா என்று சொல்ல வேண்டிய இடமா, ஆன்டிபயாட்டிக் பெயரைச் சொல்ல வேண்டிய இடமா என்பதை அந்தக் கடைசி ஒரு சொல்தான் முடிவு செய்கிறது. அதைப் போலவே ‘ஐ நோ ஹூ ஹி வாஸ் ரெஃபர்ட் பை’ என்றால் அவரை நம்மிடம் அனுப்பிய டாக்டர். ‘ஐ நோ ஹூ ஹி வாஸ் ரெஃபர்ட் டு’ என்றால் நாம் அவரை அனுப்பிவைத்த டாக்டர். இரண்டும் எதிர்த்திசை. வாலை விட்டுவிட்டு ‘ஐ நோ ஹூ ஹி வாஸ் ரெஃபர்ட்’ என்று நிறுத்தினால் கேட்பவர் எந்தப் பக்கம் போன் போடுவார்?

ஒவ்வாமைக்கு ‘டு’: ‘டூ வீ நோ வாட் ஹி இஸ் அலர்ஜிக் டு?’ வார்டு மாற்றினால் அதுவும் ‘டு’: ‘ஐ டோன்ட் நோ விச் வார்ட் ஹி ஹேஸ் பீன் மூவ்ட் டு.’ என்ன கோளாறுக்காக அறுவை என்று கேட்க ‘வாட் ஷி வாஸ் ஆபரேட்டட் ஆன் ஃபார்’ என்று இரண்டு சின்னச் சொல்லும் அடுத்தடுத்து வரும். இலக்கணப்படி சரிதான், ஆனால் நாக்கு தடுக்கும். ‘வொய் ஷி ஹேட் த ஆபரேஷன்’ என்று எளிதாகச் சொல்லிவிடுங்கள். தேர்வில் சுற்றி வளைத்துப் பேசுவதற்கு யாரும் கூடுதல் மதிப்பெண் தரப்போவதில்லை.

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். வினையைத் தனியாக எழுதாதீர்கள். ‘ட்ரீட்டட் ஃபார்’, ‘ட்ரீட்டட் வித்’, ‘ரெஃபர்ட் பை’, ‘ரெஃபர்ட் டு’, ‘ஆபரேட்டட் ஆன்’ என்று சோடியாகவே எழுதுங்கள். சோடியாகப் படித்தது சோடியாகவே வாயில் வரும்.

கேள்வி: வாக்கியத்தை ‘ஆஃப்’, ‘பை’ போன்ற பிரிபொசிஷனில் முடிக்கவே கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் என் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் எழுதும் வாக்கியங்கள் எல்லாமே அதில்தான் முடிகின்றன. எப்படி?
– பட்டதாரி ஆசிரியர், புதுக்கோட்டை

பதில்: ஐயா, உங்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கும் இதே இடத்தில் ஒரு காயம் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். கரும்பலகையில் ‘டூ யூ நோ ஹூ திஸ் போயம் வாஸ் ரிட்டன் பை?’ என்று எழுதியிருந்தேன். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் சாக்பீஸை வாங்கி, கடைசி ‘பை’யைச் சுழித்து, ‘ஹூ’வை ‘ஹூம்’ ஆக்கி, அதற்கு முன்னால் ‘பை’யை எழுதினார். நாற்பத்திரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அவர் எழுதியது தவறில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுதியதும் தவறில்லை என்று எடுத்துச் சொல்ல அன்று என்னிடம் ஆதாரம் இல்லை. அதைத் தேடிப் படித்து, அதே வகுப்பில் போய்ச் சொல்ல மூன்று மாதம் ஆயிற்று.

தேடியதில் கிடைத்தது இது. 1672இல் ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர், தனக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் குறை கண்டுபிடித்தார். 1611இல் வந்த ஒரு நாடகத்தில் ஒரு வரி ‘வேர் ஃப்ரைட்டட் ஃப்ரம்’ என்று முடிகிறது. உயிர்கள் அஞ்சி விட்டோடிய உடல்கள் என்பது அதன் பொருள். செயப்பாட்டுவினை, அதன் வாலில் ஒரு பிரிபொசிஷன்: நாம் இந்த மாதம் பேசுகிற அதே அமைப்பு! கடைசியில் பிரிபொசிஷன் நிற்பது குறை என்றார் டிரைடன். தன் எழுத்திலும் அந்தக் குறை இருப்பதை ஒத்துக்கொண்டார். தன்னுடைய பழைய கட்டுரை ஒன்றை 1684இல் மறுபதிப்புச் செய்தபோது அத்தகைய வாக்கியங்களைத் தேடித் தேடித் திருத்தவும் செய்தார்.

டிரைடன் லத்தீனில் ஊறியவர். லத்தீனில் இப்படிச் சிறுசொல்லைப் பின்னால் விட்டுவிட்டு வர முடியாது. ஆங்கிலத்தின் உடம்பு வேறு. 1762இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் எழுதிய இலக்கணம் இதைத் தடை செய்யவில்லை. இது நம் மொழி மிகவும் சாய்கிற வழக்கம், பேச்சுக்கும் இயல்பான நடைக்கும் உரியது, உயர்நடையில் பிரிபொசிஷன் முன்னால் வருவது அழகு என்றுதான் சொன்னார். அதைச் சொன்ன வாக்கியத்திலேயே ‘டு’வைப் பின்னால் விட்டிருக்கிறார். 1926இல் ஃபௌலர் என்ற அகராதி ஆசிரியர் தன் பயன்பாட்டு அகராதியில், கடைசியில் பிரிபொசிஷன் கூடாது என்பதை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட தடை, ஆங்கிலேயர்களே எப்போதோ கைவிட்ட ஒன்று.

ஆகவே ‘ஐ நோ ஹூ இட் வாஸ் ரிட்டன் பை’ பேச்சுக்கும் கடிதத்துக்கும் சரி. ‘ஐ நோ பை ஹூம் இட் வாஸ் ரிட்டன்’ சட்ட ஆவணத்துக்கும் ஆய்வேட்டுக்கும் சரி. ஒன்றே ஒன்று: முன்னால் கொண்டுவந்தால் ‘ஹூ’ கட்டாயம் ‘ஹூம்’ ஆக வேண்டும். அப்புறம், முன்னாலும் பின்னாலும் இரண்டு இடத்திலும் போட்டுவிடக் கூடாது. ‘பை ஹூம் இட் வாஸ் ரிட்டன் பை’ என்று எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடைசியில் வைக்கக் கூடாது என்று பயமுறுத்தி வைத்திருப்பதால், முன்னால் ஒன்றைப் போட்டுவிட்டு, பழக்கத்தில் பின்னாலும் ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள். சில வினைகளில் முன்னால் கொண்டுபோவது கேட்கவே சகிக்காது. ‘டூ யூ நோ ஆஃப் வாட் இட் இஸ் மேட்?’ என்று கடைக்காரரிடம் யாரும் கேட்க மாட்டார்கள்.

உங்கள் மாணவர்களிடம் தயவுசெய்து இதை மாற்றிச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே அந்தச் சின்னச் சொல்லைத் தொலைக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அது இருக்க வேண்டிய இடத்தையே தடை செய்துவிட்டால், முழுவதுமாக விட்டுவிடுவார்கள்.

கேள்வி: நன்னடத்தைச் சான்றிதழில் ‘இஸ் நோன் டு மீ ஃபார் த பாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’ என்று இருக்கிறது. ‘நோன் பை மீ’ என்றுதானே இருக்க வேண்டும்? செயப்பாட்டுவினைக்கு ‘பை’ என்றுதான் படித்தேன்.
– கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: ‘டு’ சரி. ‘இஸ்’தான் தவறு!

‘நோ’ என்ற வினை கை கால் அசைத்துச் செய்கிற வேலை இல்லை. அறிவு ஒருவருக்குள் வந்து தங்குகிறது. தமிழில் இதை நாம் எவ்வளவு அழகாகச் சொல்கிறோம், பாருங்கள்: ‘எனக்குத் தெரியும்.’ ‘நான் தெரியும்’ என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. நான்காம் வேற்றுமை ‘கு’. ஆங்கிலத்தின் ‘நோன் டு மீ’ அதற்கு நேர் பக்கத்தில் நிற்கிறது. பாடத்தில் சொன்ன ‘பை’ விதியை விட உங்கள் தாய்மொழி இந்த ஒரு இடத்தில் சரியான வழி காட்டுகிறது. இதை நம்புங்கள்.

ஐந்து வருடமாகத் தெரியும் என்றால் காலம் இன்றுவரை நீள்கிறது. அதற்கு ‘ஹேஸ் பீன் நோன் டு மீ ஃபார் த பாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’ என்றுதான் இருக்க வேண்டும். படிவங்களில் தலைமுறையாக ‘இஸ்’ என்றே அச்சாகி வருகிறது. கையெழுத்துப் போடுகிறவரும் படிப்பதில்லை, வாங்குகிறவரும் படிப்பதில்லை. நீங்கள் படித்தீர்கள், எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

‘நோன்’னோடு வரும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். எதற்காகப் பேர்போனது என்றால் ‘ஃபார்’: ‘டூ யூ நோ வாட் திருநெல்வேலி இஸ் நோன் ஃபார்?’ அல்வா. வேறு பெயரால் வழங்கினால் ‘ஆஸ்’. அடையாளத்தால் அறிவதற்கு ‘பை’: குரலை வைத்து அறியப்பட்டார், கனியை வைத்து அறியப்படும் மரம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘ஹி இஸ் நோன் டு த போலீஸ்’ என்று யாரையும் பெருமையாக அறிமுகப்படுத்தி விடாதீர்கள். ஏற்கெனவே வழக்கில் சிக்கியவர் என்ற பொருள் அதில் வந்துவிடும்.

கேள்வி: அலுவலகச் சுற்றறிக்கையில் ‘இட் இஸ் இன்ஃபார்ம்ட் தட்’ என்று எழுதினேன். புதிதாக வந்த மேலாளர் அடித்துவிட்டார்.
– அலுவலக உதவியாளர், திருப்பூர்

பதில்: ‘இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது’ என்ற நம் அலுவலகத் தமிழ்தான் அப்படியே ஆங்கில உடை போட்டு வந்திருக்கிறது. தமிழில் செய்தி தெரிவிக்கப்படும். ஆங்கில ‘இன்ஃபார்ம்’ செய்தியைப் பிடிப்பதில்லை, ஆளைப் பிடிக்கும். ஆகவே செயப்பாட்டுவினையிலும் எழுவாயாக ஆள்தான் வர வேண்டும்: ‘யூ ஆர் இன்ஃபார்ம்ட் தட்’, ‘ஆல் ஸ்டாஃப் ஆர் இன்ஃபார்ம்ட் தட்’. ‘எக்ஸ்ப்ளெயின்’ இதற்கு நேர்மாறு. அது செய்தியைப் பிடிக்கும், ஆளுக்கு ‘டு’ போடும். ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் த ரூல்’ தவறு. ‘த ரூல் வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் டு மீ’ சரி. ‘நோ’வோடு சேர்த்தால்: ‘ஐ டோன்ட் நோ ஹூ த ரூல் வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் டு.’ யாருக்கு விளக்கினார்கள் என்று தெரியவில்லை. அந்த ‘டு’தான் நம் ‘கு’.

கேள்வி: ‘ஐ ஹேவ் நெவர் நோன் ஹிம் லை’ என்று ஒரு மாதிரித் தேர்வில் வந்தது. ‘டு லை’ என்றல்லவா இருக்க வேண்டும்? அதைச் செயப்பாட்டுவினையாக மாற்றச் சொன்னார்கள்.
– வங்கித் தேர்வு எழுதுபவர், மதுரை

பதில்: இரண்டும் வழக்கில் உண்டு. ‘ஹேவ் நோன்’ என்று வரும்போது ‘டு’ இல்லாமலும் சொல்வார்கள். ஆனால் செயப்பாட்டுவினைக்கு மாற்றிய உடனே ‘டு’ கட்டாயம்: ‘ஹி ஹேஸ் நெவர் பீன் நோன் டு லை.’ ‘ஐ சா ஹிம் கோ’ என்பது ‘ஹி வாஸ் சீன் டு கோ’ என்று ஆவதும் இதே வழிதான். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த ‘டு’வில்.

இன்னொரு பொறி: ‘ஹி இஸ் நோன் தட் ஹி இஸ் ஆனஸ்ட்’ என்று ஒரு விடை கொடுத்திருப்பார்கள். அதைத் தொடாதீர்கள். ‘இட் இஸ் நோன் தட் ஹி இஸ் ஆனஸ்ட்’ அல்லது ‘ஹி இஸ் நோன் டு பி ஆனஸ்ட்’. ‘தட்’ வேண்டுமானால் ‘இட்’டில் தொடங்குங்கள், ஆளில் தொடங்கினால் ‘டு’.

கேள்வி: ‘ஐ ஆம் அவேர் ஆஃப் தட் ஹி வாஸ் ட்ரான்ஸ்ஃபர்ட்’ சரியா?
– வாசகர், காரைக்குடி

பதில்: சரியில்லை. பிரிபொசிஷனுக்கு நேர் பின்னால் ‘தட்’ தொடங்கும் வாக்கியம் வராது. ‘ஆஃப்’ஐ எடுத்துவிடுங்கள்: ‘ஐ ஆம் அவேர் தட் ஹி வாஸ் ட்ரான்ஸ்ஃபர்ட்.’ ஆனால் கேள்விச் சொல் வந்தால் ‘ஆஃப்’ இருக்கலாம்: ‘ஐ ஆம் அவேர் ஆஃப் வேர் ஹி வாஸ் ட்ரான்ஸ்ஃபர்ட் டு.’ இதில் இரண்டு சின்னச் சொல், இரண்டுக்கும் தனித்தனி முதலாளி. ‘ஆஃப்’ ‘அவேர்’க்குச் சொந்தம், ‘டு’ ‘ட்ரான்ஸ்ஃபர்ட்’க்குச் சொந்தம்.

கேள்வி: வெளிநாட்டில் வளரும் பேரன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். கொல்லையில் ஒரு செடியைக் காட்டி, ‘பாட்டி, டூ யூ நோ வாட் திஸ் இஸ் கால்ட்?’ என்றான். நான் ‘ஐ நோ வாட் இட் இஸ் கால்ட் ஆஸ்’ என்றேன். ‘ஆஸ்’ வேண்டாம் பாட்டி என்கிறான். வாலில் சின்னச் சொல் வர வேண்டும் என்றுதானே நீங்கள் எப்போதும் சொல்வீர்கள்?
– வாசகி, சேலம்

பதில்: பேரன் சொல்வது சரி. ‘தூதுவளை என்று அழைக்கிறோம்’ என்பதில் வரும் ‘என்று’தான் உங்கள் வாயில் ‘ஆஸ்’ ஆகிவிட்டது. ‘கால்’ என்ற வினைக்கு அது தேவையில்லை. அதே பொருளுள்ள ‘நோன்’னுக்கு மட்டும் தேவை. பதில் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ‘இட் இஸ் கால்ட் தூதுவளை’, ‘இட் இஸ் நோன் ஆஸ் தூதுவளை.’ முதலாவதில் இல்லாத சொல் கேள்வியிலும் இருக்காது. இரண்டாவதில் இருப்பது, அங்கேயே நிற்கும்.

எந்தச் செடி என்று நீங்கள் எழுதவில்லை, தூதுவளை என்பது என் ஊகம். எதுவானாலும் அவனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ‘ஐ நோ வாட் இட் இஸ் கால்ட் இன் தமிழ். யூ டெல் மீ வாட் இட் இஸ் கால்ட் இன் இங்கிலீஷ்.’ அவன் தேடிக்கொண்டு வருவதற்குள் ரசம் வைத்துவிடலாம். ‘டூ யூ நோ வாட் திஸ் ரசம் இஸ் மேட் வித்?’ என்று அவனையே கேளுங்கள்.